நாலு மில்லிமீட்டர் பாவம்

சித்தூர்,
1-3-1986, சனிக்கிழமை, பகல் பதினோரு மணி.

என் மனைவியின் மூத்த சகோதரரும், கப்பல் இன்ஜினியரும், என்னைவிட எல்லா விதத்திலும் உயர்ந்தவருமான அசரியா மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் எர்னஸ்ட் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் இங்கே நான், உங்கள் தங்கை தபீதாள், திருப்பதியில் டீச்சராக இருக்கும் எங்கள் மகள் கிருபாவதி மூவருக்கும் சரீர சுகம் குறைவில்லை. ஆத்தும சுகம் இரண்டு பேருக்கு மட்டும். லீவில் பெரம்பூர் வந்திருக்கும் உங்கள் சுகத்தையும், அண்ணியாரின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆவல். தலைகுனிந்து என்று எழுதியது மரியாதைக்காக இல்லை மச்சான். நிஜமாகவே இரண்டு மாசமாக என் தலை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பிடரி வலி என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

விஷயத்தில் பாதி உங்களுக்குத் தெரியும். போன அக்டோபரில் கிருபா உங்களுக்கு எழுதிய கடுதாசியின் அடியில் நான் கிறுக்கிய இரண்டு வரி உங்களிடம்தான் இருக்கிறது. அதை ஏன் கிறுக்கினேன், அதற்கப்புறம் எத்தனை பொய் சொன்னேன் என்பது மற்ற பாதி. நீங்கள் ஜப்பானிலிருந்து வாங்கிவந்து கிருபாவுக்குக் கொடுத்தீர்களே டெலஸ்கோப், அதன் ஐபீஸ், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கிற அந்தக் குட்டிக் குழாய், மழையில் பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போனதாக அவள் உங்களுக்கு எழுதினாள். பூஞ்சை பிடித்தது வாஸ்தவம். கெடுத்தது நான். சர்ச் ஆர்மோனியத்தின் பித்தளைக் கைப்பிடியைப் பல்பொடி போட்டுத் தேய்த்து நான் பளபளக்க வைத்ததை பாஸ்டரே ஆராதனையில் புகழ்ந்து பேசியிருந்தார். அந்தப் புகழ் தலைக்கேறி, அதே பல்பொடியை அந்தக் கண்ணாடிக்கும் போட்டுத் தேய்த்துவிட்டேன். அப்புறம் அதன் வழியாக நிலாவைப் பார்த்தால் பால்கோவா மாதிரி இருந்தது.

இருந்த ஒரே ஐபீஸ் போய்விட்டது. பேப்பரெல்லாம் எழுதுகிற அந்த வால்நட்சத்திரமோ ஜனவரியில் வருகிறது. தன் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளுக்கெல்லாம் காட்டுகிறேன் என்று கிருபா வாக்குக் கொடுத்துவிட்டாள். அதனால்தான் அவள் உங்களுக்கு, 'மாமா, 25 மில்லிமீட்டர் ஐபீஸ் ஒன்று, வேறு எதுவும் வேண்டாம்' என்று அடிக்கோடு போட்டு எழுதி, 'நைனா, நீங்களும் ரெண்டு வரி எழுதி போஸ்ட் பண்ணிடுங்க' என்று என் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். நான் சும்மா போஸ்ட் பண்ணியிருக்கலாம். டெலஸ்கோப்புடன் வந்த சின்னப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். குழாயின் நீளம் எழுநூறு, அதை ஐபீஸின் நம்பரால் வகுத்தால் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது வரும் என்று போட்டிருந்தது. எழுநூறை இருபத்தைந்தால் வகுத்தேன். இருபத்தெட்டு. மச்சான், முப்பது வருஷமாக மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் மார்க் ரிஜிஸ்டர் எழுதுகிறவன் நான். முப்பத்தைந்துக்குக் கீழே எந்த எண்ணைக் கண்டாலும் என் கை சிவப்பு மையைத் தேடும். என் மகள், பி.எஸ்சி., பி.எட்., போயும் போயும் ஒரு ஃபெயில் மார்க்கையா அடிக்கோடு போட்டுக் கேட்கிறாள் என்று மனசு ஆறவில்லை. அதே எழுநூறை, புத்தகத்தில் போட்டிருந்த ஐபீஸ்களிலேயே சின்ன நம்பரான நாலால் வகுத்துப் பார்த்தேன். நூற்றெழுபத்தைந்து. பார்க்கவே நெஞ்சு நிறைந்தது.

சந்தேகத்துக்கு பஜார் வீதி கண்ணாடிக்கடை சிட்டிபாபுவைக் கேட்டேன். அவன், "ரெண்டும் ஒரே ரேட்டுன்னா இதுல யோசிக்க இன்னா சார் கீது? மனுசன் கண்ணுக்கு பவர் ஏறினாத்தான் கஷ்டம். மிஷினுக்கு ஏறினா மஞ்சிதே கதா?" என்றான். நல்லதுதானே என்று அவனே சொல்லிவிட்டான். அங்கேயே, அவன் கடை ஸ்டூலில் உட்கார்ந்துகினு, அவன் பேனாவை வாங்கி, 'பிள்ளை விவரம் தெரியாமல் எழுதிவிட்டாள், 25 வேண்டாம், 4 வாங்கவும்' என்று கிறுக்கி, நாக்கால் நனைத்து ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு, டீயும் மசால் வடையும் துன்னுட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

டிசம்பரில் பார்சல் வந்தது. கிருபா பிரித்தாள். ஐபீஸில் கண் வைக்கிற ஓட்டை கடுகு அளவுக்கு இருந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நைனா, இது நாலு. நான் இருபத்தஞ்சுதானே எழுதினேன்?" என்றாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான் மச்சான். சொன்னேன். "உங்க மாமா கப்பல் அவசரத்துல கைக்குக் கெடச்சத வாங்கி அனுப்பியிருப்பாரு" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது.

ஜனவரி பத்தாம் தேதி சாயங்காலம் ஏழு மணிக்குத் திருப்பதியில் அந்தப் பள்ளிக்கூட மொட்டை மாடியில் அறுபது பிள்ளைகள், ஹெட்மிஸ்ட்ரஸ் வரலட்சுமி அம்மா, எங்கிருந்தோ கூட்டிவந்த கல்வி அதிகாரி ஒருத்தர், சித்தூரிலிருந்து போன நான், எல்லாரும் வரிசையில். மேற்கே குரு கிரகத்துக்குக் கொஞ்சம் மேலே அந்த வால்நட்சத்திரம் இருக்க வேண்டும். இந்த நாலு மில்லிமீட்டர் எப்படியென்றால், கண்ணை ஒட்டி வைத்தால்தான் தெரியும். ஒட்டி வைத்தால் இமை முடி இடிக்கும். முடி இடித்தால் குழாய் ஆடும். ஆடினால் வானத்தில் பிடித்து வைத்திருந்த இடம் ஓடிப்போகும். போதாததற்கு நூற்றெழுபத்தைந்து மடங்குக்கு அந்தச் சின்ன டெலஸ்கோப்பில் வெளிச்சம் கிடையாதாம். இருக்கிற துளி வெளிச்சத்தை அத்தனை பெரிதாக இழுத்தால் கரைந்துபோய் இருட்டாகிவிடுமாம். இதெல்லாம் கிருபா அப்புறம் தபீதாளுக்குச் சொல்லும்போது கதவுக்குப் பின்னால் நின்று கற்றுக்கொண்டது. அன்றைக்கு அவள் முக்கால் மணி நேரம் தேடினாள். முதுகெல்லாம் வேர்வை. கடைசியில், "அங்கதான் இருக்கணும், பாருங்க" என்று நகர்ந்துகொண்டாள்.

பிள்ளைகள் எல்லாம் நல்ல பிள்ளைகள். டீச்சர் மனம் நோகக்கூடாதென்று ஒன்றன்பின் ஒன்றாக, "கனிபிஸ்தோந்தி மேடம்", "தெரியுது மிஸ்" என்று தெலுங்கிலும் தமிழிலும் தெரிந்துகொண்டே போனார்கள். ஒருத்தி வால்கூட இருக்கிறது என்றாள். அதிகாரி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, வால் ஒன்றுக்கு மேல் இருப்பதாகவும் அது மேலும் கீழும் அசைவதாகவும் சொன்னார். பாவம், அது அவர் இமை முடி. நானும் பார்த்தேன். "பிரமாதம்" என்றேன். கடைசியாகத் தண்ணீர்ப் பானை வைக்கிற செங்கம்மா வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கினு, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, ராத்திரிதான் தெரியுது" என்றாள். கிருபா எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அப்புறம் டெலஸ்கோப்புக்கு மூடி போட்டுவிட்டு, "செங்கம்மா சொல்றதுதான் சரி. யாருக்கும் தெரியல. மன்னிச்சுக்கங்க, தப்பு என்னுது" என்றாள். சொல்லும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது. அவள் தங்கியிருக்கிற ஹாஸ்டலுக்கு நடந்து போகும்போதுதான் அழுதாள். "எழுபத்தாறு வருஷத்துக்கு ஒரு தடவ நைனா. ஒரே ஒரு நம்பர்தான் கேட்டேன். அதக்கூட மாமா பார்க்கல."

அப்போதாவது சொன்னேனா? இல்லை. ஆறுதலாக இருக்கட்டுமென்று, "உங்க மாமா எப்பவுமே அப்படித்தான், எங்க கல்யாணத்துக்கு ரெண்டும் எடது கால் ஷூவா வாங்கியாந்தவரு" என்றேன். அந்த ஷூவை வாங்கினது நான் என்பது உலகத்தில் உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நீங்கள் அன்றைக்கும் வாய் திறக்கவில்லை.

அவள் உங்களுக்குக் காரமாக எழுதினாள். நீங்கள் என் இரண்டு வரியைக் கிழித்து அனுப்பியிருந்தால் போதும், விஷயம் முடிந்திருக்கும். நீங்களோ, 'தப்பு என்னுடையதுதான் கண்ணு, நம்பரைச் சரியாகப் பார்க்கவில்லை' என்று பதில் போட்டீர்கள். சாப்பிடும்போது அதை அவள் சத்தமாக வாசித்தாள். தபீதாள், "எங்க அண்ணன் தப்ப ஒத்துக்கற ஆளு. சில பேரு மாதிரி இல்ல" என்றாள். சில பேர் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள். கிருபா மட்டும், "அப்ப நான் எழுதினத அவர் மதிக்கவே இல்லன்னுதானே அர்த்தம்?" என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோய்விட்டாள். அன்றிலிருந்து உங்கள் பேரை எடுப்பதில்லை. குழந்தை குட்டி இல்லாத நீங்கள் அவளை எப்படி வைத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாதா. அந்தச் சாம்பார் சாதம் இன்னும் என் தொண்டையில்தான் நிற்கிறது.

இந்த லட்சணத்தில் எப்படித் திருவிருந்துக்குப் போய் முழங்கால் போடுவது? பிப்ரவரி முதல் ஞாயிறு வயிற்று வலி என்று கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். சபைச் செக்ரெட்டரியான நானே அப்பமும் திராட்சரசமும் எடுக்கவில்லை என்றால் ஊர் சும்மா இருக்குமா? எனக்கு அல்சர் என்று ஒரு கட்சி. சாராயம் என்று ஒரு கட்சி. ஞானசௌந்தரி அக்கா மட்டும், பங்காருபாளையத்தில் எனக்கு இன்னொரு குடும்பம் இருப்பதாகவும் மாம்பழ சீசனில் நான் அங்கே போகும்போது அது உறுதியாகும் என்றும் சொல்லிக்கினு இருக்கிறார்களாம். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் மச்சான், ஐபீஸ் விஷயத்தைவிட அது கொஞ்சம் கௌரவமாக இருந்தது. நான் மறுக்கவில்லை.

நாளைக்கு மறுபடியும் முதல் ஞாயிறு. கிருபா இன்றைக்கு நாலு மணி பஸ்ஸில் வருகிறாள். வந்ததும் உட்காரவைத்து, பல்பொடியிலிருந்து ஷூ வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிடப் போகிறேன். சொன்ன பிறகுதான் இந்தக் கடிதத்தை ஒட்டுவேன். நீங்கள் அடுத்த வாரம் கப்பல் ஏறுவதால் ஒரு வேண்டுகோள்: வால்நட்சத்திரம் சூரியனைச் சுற்றிக்கொண்டு ஏப்ரலில் மறுபடி கண்ணுக்குத் தெரியுமாம். சிங்கப்பூரில் 25 மில்லிமீட்டர் கிடைத்தால் ஏர்மெயிலில் அனுப்பவும். இருபத்தெட்டு மடங்கு போதும். அகலமாகவும் வெளிச்சமாகவும் தெரிவதற்கு அதுதான் சரி என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். எனக்காக நீங்கள் சுமந்த பழிக்கு நான் உங்கள் காலில் விழ வேண்டும். பிடரி வலி அனுமதித்தால் விழுவேன்.

கடலிலும் கரையிலும் கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அண்ணியாருக்கு எங்கள் மூவரின் ஸ்தோத்திரம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புக்குப் பாத்திரனாக இல்லாத,
எர்னஸ்ட் இயேசுதாசன்.

பி.கு.: மணி ஐந்தரை. கிருபா வந்துவிட்டாள். "உக்காரு கண்ணு, ஒண்ணு சொல்லணும்" என்றேன், சத்தியமாக. அவள், "நானும் ஒண்ணு சொல்லணும் நைனா, நான் மொதல்ல சொல்லிடறேன்" என்றாள். லெந்துகால உபவாசக் கூட்டத்தில் யாரோ பிரசங்கம் செய்தார்களாம். நாளைக்குத் திருவிருந்து எடுப்பதற்கு முன்னால் மாமாவை மன்னித்துவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு பண்ணிவிட்டாளாம். "மனசு எவ்ளோ லேசா கீது தெரியுமா நைனா" என்று சிரித்தாள். ஜனவரிக்குப் பிறகு அவள் சிரித்து நான் இப்போதுதான் பார்க்கிறேன். "நீங்க இன்னாவோ சொல்லணும்னீங்களே?" என்றாள். "அதேதான் கண்ணு, மாமாவ மன்னிச்சுடுன்னு சொல்ல வந்தேன்" என்றேன். "நீங்க எவ்ளோ நல்லவரு" என்று காபி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். ஆகவே மச்சான், கிருபா உங்களை முழு மனதோடு மன்னித்துவிட்டாள். தயவுசெய்து மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளவும். பதில் எழுதும்போது கொஞ்சம் நன்றியோடு எழுதவும், பிள்ளை எதிர்பார்க்கிறாள்.