இரட்டை மாஜி வாங்கிய தட்டு

மாஜிகளில் பல வகை உண்டு, வாசகரே. மாஜி தலைவர், மாஜி செயலாளர், மாஜி மாப்பிள்ளைகூட உண்டு. இரட்டை மாஜியைப் பார்த்திருக்கிறீர்களா? திருக்கோகர்ணத்துக்கு டவுன் பஸ் ஏறி வாருங்கள், காட்டுகிறேன். ரெங்கராஜ் அய்யா முதலில் எம்.எல்.ஏ., அப்புறம் உயர் நீதிமன்ற நீதிபதி. இரண்டிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டார் என்று அரசாங்கம் நினைத்துக்கொண்டிருக்கிறது.

எம்.எல்.ஏ.வாக இருந்தபோது அவர் வாயில் "முடியாது" என்ற சொல் வந்ததே கிடையாது. கறம்பக்குடிக்கு ராத்திரி பஸ்ஸா? "செஞ்சிருவோம்." பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போய்விட்டாளா? "கூட்டியாந்துருவோம்." நீதிபதியானதும் எல்லாம் தலைகீழ். இரு தரப்பையும் கேட்டு, ஆழ்ந்து பரிசீலித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைச் செருமி, கடைசியில் தீர்ப்பை ஒத்திவைப்பார். ஓய்வுக்குப் பிறகு, ரோட்டில் கும்பிட்டவருக்கெல்லாம் வாக்குறுதி, வீட்டில் வாய்தா. "ராத்திரிக்குத் தோசையா, சப்பாத்தியா?" என்று மனைவி ராஜலட்சுமி கேட்டால் அதற்கும் வாய்தா.

இதில் மாட்டிக்கொண்டவள் மகள் வைஷ்ணவி. கூட வேலை பார்க்கும் சிவபிரகாஷைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று பொங்கலன்று கேட்டாள். பையனைப் பிடிக்கவில்லையா? பிடித்திருந்தது. பிறகென்ன?

"தீர்ப்ப ஒத்திவச்சிருக்கேம்மா."

ஆவணியே வந்துவிட்டது. பையனுக்குத் துபாயில் வேலை கிடைத்து, கிளம்பும் நாளும் நெருங்கிவிட்டது. பெண் சாப்பாட்டைக் குறைத்து, பேச்சையும் குறைத்துவிட்டாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

ராஜலட்சுமி யோசித்தார். நீதிபதியிடம் கேட்டால்தானே வாய்தா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சிவபிரகாஷின் அப்பா ஆண்டிச்சாமி ஆலங்குடியிலிருந்து வேன் நிறைய உறவுக்காரர்களோடு வந்து இறங்கினார். எல்லாரும் அய்யாவின் பழைய தொகுதி. வாசலிலேயே சால்வை, கும்பிடு, "அய்யா வாழ்க!" ஆண்டிச்சாமி பூவும் பழமும் தேங்காயுமாகத் தட்டை நீட்டினார்.

"அய்யா, நீங்கதான் மனசு வச்சு எங்க காரியத்த முடிச்சுக் குடுக்கணும்."

கூட்டத்தைப் பார்த்ததும் அய்யாவுக்குள் இருந்த எம்.எல்.ஏ. எழுந்துவிட்டார். ஆண்டிச்சாமியை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. அதற்காக "நீங்க யாரு, என்ன காரியம்?" என்று தொகுதிக்காரரிடம் கேட்க முடியுமா? இரண்டு கையாலும் தட்டை வாங்கினார்.

"செஞ்சிருவோம்!"

ராஜலட்சுமி சத்தமில்லாமல் இன்னொரு தட்டை அவர் கையில் வைத்தார். நலத்திட்ட உதவி வழங்கிய கை சும்மா இருக்குமா? அதை ஆண்டிச்சாமியிடம் கொடுத்து, விடாமல் தானும் பிடித்துக்கொண்டு, போட்டோவுக்காகத் திரும்பிச் சிரித்தார். பெண்கள் குலவையிட்டார்கள்.

குலவை கேட்டதும் நீதிபதி விழித்துக்கொண்டார். "ராஜி, தீர்ப்பே இன்னும் சொல்லலியே!"

"ஏங்க, நிச்சயத் தட்டு மாத்தியாச்சு. போட்டோ இருக்கு, ஒரு வேன் சாட்சி இருக்கு. இனிமே இல்லேன்னா எந்தக் கோர்ட்டு ஒத்துக்கும்?"

அய்யா சாட்சிகளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். எத்தனையோ மாதம் கழித்து அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இல்லேன்னா இந்தக் கோர்ட்டும் ஒத்துக்காது," என்றார். "அப்படியே ராத்திரிக்குத் தோசை ஊத்திரு."

ஒரே நாளில் இரண்டு தீர்ப்பு!

சிரிக்கிறீர்களா? போன வாரம் டீக்கடையில் யாரோ ஒருவரிடம் "கவலைய விடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றீர்களே, அதே நாள் வீட்டில் பிள்ளை ஆசையாக எதையோ கேட்டபோது என்ன சொன்னீர்கள்? "பாப்போம்." பிள்ளை இன்னும் காத்திருக்கிறது. வீட்டு வாசலில் வேன் சத்தம் கேட்டால், கையைக் கொஞ்சம் கட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.