சிலந்தி வலையில் சிக்கெடுத்தது

என் மருமகள் விஜியை நான்தான் கொன்றேன். அவளே ஊரெல்லாம் சொல்லிவிட்ட பிறகு நான் மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? (பயப்படாதீர்கள். இதை எழுதும்போது அவள் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறாள். தீய்கிற வாடைகூட லேசாக வருகிறது.)

அப்போது அவள் கல்யாணமாகி வந்த புதிது. என் பெரிய பையன் பாபுவும் அவளும் சென்னையில் ஒரே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். லீவு நாளில் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். எனக்குக் கூச்சம் அதிகம். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தண்ணீர் கேட்கக்கூடத் தயங்குவேன். அவளும் அப்படித்தான். "சாப்டியாம்மா?" என்பேன். "சாப்ட்டேன் அத்தை," என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்போம். படித்த பெண்ணாயிற்றே, நம்மை என்ன நினைக்கிறாளோ என்று எனக்குப் பயம்.

அன்றைக்கு அமாவாசை. எங்கள் பக்கம் தறி ஓடாத நாள். வீட்டுக்காரர் உள்ளே துண்டை விரித்துப் படுத்திருந்தார். கூடத்தில் பாபு, அவன் தம்பி குமார், விஜி மூன்று பேரும் கட்டம் போட்ட காகிதத்தை விரித்து ஏதோ ஆட்டத்துக்குத் தயாரானார்கள். கூட ஆட வேண்டிய விஜியின் சிநேகிதி காய்ச்சல் என்று வரவில்லை. "அத்தை, நீங்க வரீங்களா?" என்றாள் விஜி. அவளாக என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது. எப்படி முடியாது என்பேன்? ஆய்ந்துகொண்டிருந்த கீரையோடு போய் உட்கார்ந்துவிட்டேன்.

தாயம் என்று நினைத்தேன். அது இல்லையாம். ஆளுக்கு ஒரு வேஷமாம். பாபு கதை சொல்வான். கதையில் நாம் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்று ஒரு பகடைக் காயை உருட்டிப் பார்க்க வேண்டும். நெல்லிக்காய் மாதிரி இருந்தது அந்தக் காய். எத்தனை முகம் என்று எண்ணவே முடியவில்லை. பெரிய எண் விழுந்தால் நல்லதாம்.

குமார் கேடயம் வைத்த வீரன். விஜி நெருப்பு வீசும் மந்திரக்காரி, பெயர் செங்கனி. காலேஜ் ஹாஸ்டலில் இருந்தே அவள் வருஷக்கணக்காக ஆடி ஆடி வளர்த்த ஆளாம். செத்தால் செத்ததுதான், திரும்ப வராதாம். நான் கத்திக்காரி. எதிரி, குகைக்குள் இருக்கும் ராட்சசச் சிலந்தி. சிலந்திக்கு வைக்க ஒன்றும் கிடைக்கவில்லை என்று என் சுண்ணாம்பு டப்பியைத் தூக்கிக் காகிதத்தின் நடுவில் வைத்துவிட்டான் பாபு. (நான் வெற்றிலை போடும் நேரம் அது. யாரிடம் சொல்லி அழுவது?)

"இத ஜெயிக்கறது ரொம்பக் கஷ்டம் அத்தை," என்று விஜி திட்டம் சொன்னாள். அவள் முகத்தில் அவ்வளவு மும்முரத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. "குமார் முன்னாடி நின்னு அத மறிச்சுக்குவாரு. நான் பின்னாலேருந்து நெருப்பு வீசுவேன். அது வலை வீசி யாரையாவது கட்டிப்போடும். உடனே நீங்க அறுத்து உட்டுடணும். உங்க வேலை அறுக்கறது மட்டும்தான். அத உட்டீங்கன்னா நாங்க காலி."

"சரிம்மா," என்றேன். ஒன்றும் விளங்கவில்லை.

பாபு குரலை மாற்றிக்கொண்டான். "குகை இருட்டுலேருந்து சிலந்தி வருது. யானை அளவு. நீ இன்னா பண்றம்மா?"

"வெளக்கமாறு எடுக்கறேன்."

"அங்க ஏதும்மா வெளக்கமாறு?"

"இல்லாம எப்பிடிப்பா? அவ்ளோ ஒட்டடைய வச்சுக்கினு!"

குமார் விழுந்து விழுந்து சிரித்தான். விஜி சிரிக்கவில்லை. "கத்தி, அத்தை," என்று மெதுவாக ஞாபகப்படுத்தினாள். நான் வெட்கத்தில் கீரையை ஆய ஆரம்பித்தேன்.

சண்டை நடந்தது. யார் அடித்தார்கள், யார் வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் "ஆ" என்றால் நானும் "ஆ" என்றேன். திடீரென்று பாபு டப்பியை நகர்த்தினான். "சிலந்தி வலை வீசுது. செங்கனி மாட்டிக்கினா. கை கால் அசையல."

"அத்தை, அறுங்க!" என்றாள் விஜி.

அறுத்திருக்க வேண்டும். "அறுக்கிறேன்" என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் என் வாய் என்ன கேட்டது தெரியுமா? "நூலு எப்பிடிப்பா இருக்குது?"

"வெள்ளையா, மினுமினுன்னு, பட்டாட்டம்," என்றான் பாபு. பாவி, அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

நான் நெசவு வீட்டில் பிறந்து நெசவு வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். பட்டு சிக்கு விழுந்தால் நாங்கள் அறுக்க மாட்டோம். நுனியைத் தேடிப் பிடித்து, நகத்தால் நெம்பி, பொறுமையாகப் பிரிப்போம். நான் புது மருமகளாக இருந்தபோது அவசரத்தில் ஒரு சிக்கைக் கத்தரித்துவிட்டு மாமியாரிடம் வாங்கிய வசவு இன்னும் காதிலேயே இருக்கிறது.

"சிக்கெடுக்கறேன்," என்றேன்.

"யம்மா, அது சிலந்தி வலை!"

"எதுவானா இன்னாப்பா, நூலுதானே. நுனி எங்க இருக்குது?"

பாபு தலையில் அடித்துக்கொண்டு காயை உருட்டச் சொன்னான். என் கெட்ட நேரம், பெரிய எண்ணாக விழுந்தது. ஒரு இழை அறாமல் செங்கனியின் சுண்டுவிரல் வெளியே வந்தது. அதற்குள் சிலந்தி அவளைக் கடித்தது. மறுபடி உருட்டினேன். மறுபடியும் பெரிய எண். மணிக்கட்டு வந்தது. சிலந்தியும் மறுபடி கடித்தது.

"அறுங்க அத்தை! அது என்னத் தின்னுக்கினு இருக்குது!" வந்த நாளிலிருந்து குரல் உயர்த்தாத பெண், முட்டி போட்டு எழுந்து கத்தினாள்.

"முக்காவாசி வந்துடுச்சும்மா! பாபு, செத்த நேரம் அத இருக்கச் சொல்லுப்பா!"

"சிலந்தியயா?" என்றான் பாபு.

"யம்மா, அறும்மா!" என்று குமார் அலறினான்.

இந்தக் கூச்சலில் உள்ளே முழித்துக்கொண்ட என் வீட்டுக்காரர், என்ன ஏது என்று தெரியாமல், படுத்த இடத்திலிருந்தே அதட்டினார்: "எவன்டா அது அறுக்கச் சொல்றது? தறியில ஏத்தின பாவு நூலு வீணாப்பூடும்! கைய வைக்காதீங்க!"

அதற்குப் பிறகு நான் அறுப்பேனா?

செங்கனி செத்துப்போனாள்.

விஜி, செங்கனியைப் பற்றி எழுதி வைத்திருந்த தன் காகிதத்தைக் குப்புறப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. துக்கம் கேட்பதா, மன்னிப்புக் கேட்பதா? "இப்ப நான் தல முழுவணுமா?" என்று பாபுவிடம் ரகசியமாகக் கேட்டேன். இனி அந்த "சாப்ட்டேன் அத்தை"யும் போச்சு என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனேன். நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. மனசில் பட்டதைச் சொன்னேன்.

"ஒரு இழைகூட அறுந்துபோவலம்மா."

அழுகிறவள் திரும்பிப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க. எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. நானும் சிரித்து வைத்தேன்.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும், "இவங்கதான் என்னக் கொன்ன மாமியாரு," என்றுதான் என்னைக் காட்டுவாள். ஐயம்பேட்டையிலிருந்து வந்த என் அக்கா அதை நம்பி, அவளைத் தனியாகக் கூட்டிப்போய், "எதுனா கொடுமை பண்றாளாம்மா?" என்று கேட்டிருக்கிறாள். "ஆமா பெரியத்தை, சிலந்திக்குப் போட்டுட்டாங்க," என்றாளாம் இவள். அக்கா அன்றைக்கு முழுக்க என் கையால் காபி வாங்கிக் குடிக்கவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இத்தனை வருஷமாகத் தீரவில்லை. இப்போதுதான், இதை எழுதிக்கொண்டே, அடுப்படியைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏன்டி, நான் அவ்ளோ பாடுபட்டுச் சிக்கெடுத்தேனே, அந்த நூலு கடைசில இன்னாதான் ஆச்சு?"

"அதுலதானே அத்தை எனக்குக் கோடித்துணி நெய்ஞ்சு போட்டீங்க!"

"மொதல்ல வாயக் கழுவு," என்றேன். "தோச தீயுதுடி."