டாக்டர் படிக்கக் கூடாத அத்தியாயம்

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் லிஃப்ட் மெக்கானிக்குக் கடைசி அத்தியாயம் நினைவுக்கு வந்தது. வந்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது. பித்தப்பையில் ஏற்கெனவே கல் கிடக்கிற வயிறு, அது வேறு.

பதினான்காவது மாடி உயரத்தில் ஒற்றைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிரீஸ் தடவுகிற மனிதர் அவர். ஆனால் ஊசி என்று எழுதிக் காட்டினாலே வியர்த்துவிடும். கல்லை எடுக்கத் தேதி குறித்த இரண்டு முறையும் ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக நழுவியவர். "மூணாவது தடவையும் ஓடினீங்கன்னா பை வெடிச்சுடும். அப்புறம் நானே நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று இன்று காலை சர்ஜன் சொல்லிவிட்டார். ஊரில் அந்த வேலைக்கு அவர் ஒருவர்தான்.

சொல்லி முடித்த சர்ஜனின் கண், மெக்கானிக்கின் மடியிலிருந்த தடித்த புத்தகத்தின் மேல் விழுந்தது. விண்வெளிக் கதையா, எனக்கும் அதில் கொஞ்சம் பைத்தியம் உண்டு, நல்லதாக ஒன்று சொல்லுங்களேன் என்றார்.

அவ்வளவுதான், மெக்கானிக்குக் கல்லும் மறந்தது, கத்தியும் மறந்தது. பிடித்த புத்தகத்தை அடுத்தவர் தலையில் கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பழுதான லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால், கதவைத் திறப்பதற்கு முன் இடுக்கு வழியாக இரண்டு நாவலாவது சிபாரிசு செய்துவிடுவார். ஓட முடியாத வாசகர் வேறு எங்கே கிடைப்பார்? கையிலிருந்ததையே எடுத்து நீட்டினார்.

"கதாநாயகனே ஒரு டாக்டர்தான் சார். விண்கலத்தோட டாக்டர். உங்களுக்குன்னே எழுதின மாதிரி இருக்கும்."

ஐந்நூற்றுத் தொண்ணூறு பக்கம் வரைக்கும் அது சரிதான். கடைசி அத்தியாயத்தில்தான், ஆபரேஷன் செய்த ஒவ்வொருவர் உடம்பிலிருந்தும் அந்த டாக்டர் ஏதாவது ஒன்றைத் திருடி விற்று வந்தது வெளியாகிறது. நோயாளிகள் ஒன்று சேர்ந்து, கலத்தின் கதவைத் திறந்து அவரை வெளியே தள்ளிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் மெக்கானிக் பென்சிலால் "நல்லா வேணும்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தார்.

வீட்டில் இதைக் கேட்ட மனைவி, "ஏங்க, அவர் கையில கத்தி இருக்கு. உங்க கையில பென்சிலா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அது நூலகத்துப் புத்தகம், இன்றே திருப்பித் தர வேண்டும் என்று புளுகினார். முதல் பக்கத்தில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருப்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

சர்ஜன் விடுவதாக இல்லை. "எப்படிங்க தர்றது? அந்த டாக்டர் அச்சு அசல் நானேதான். அது இருக்கட்டும், சாப்பிட்டீங்களா?"

பயத்தில் ஒன்றும் இறங்கவில்லை என்றார் மெக்கானிக். வெறும் வயிறு ரொம்ப நல்லது, அப்படியே டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார் சர்ஜன். ஊசி ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. நாளுக்கு நூறு பக்கம் என்றால் கடைசி அத்தியாயத்துக்கு எத்தனை நாள் என்று மெக்கானிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஆறு நாள். ஆபரேஷன் ஏழாம் நாள்.

இனி கவனத்தைத் திருப்பினால்தான் உண்டு. அலமாரியைக் குடைந்து, டிராகன் வருகிற மாயாஜாலக் கதை ஒன்றை மூன்று பாகமும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார். இதை முதலில் படியுங்கள், அது கிடக்கட்டும் என்று கெஞ்சினார். சர்ஜன் மகிழ்ச்சியோடு வாங்கி வைத்துக்கொண்டு, வந்ததுதான் வந்தீர்கள், ஸ்கேனையும் முடித்துவிடலாம் என்று அனுப்பினார். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவும்போதுதான் இரண்டாம் பாகம் நினைவுக்கு வந்தது. அதில் அரண்மனை வைத்தியன் ராணிக்கு விஷம் வைக்கிறான், டிராகன் அவனைத் தின்கிறது. அங்கேயும் பென்சில் உண்டு. "இன்னும் மெதுவா தின்னிருக்கலாம்" என்று எழுதியதாக ஞாபகம்.

கடைசியாக ஒரு முயற்சி. போன் செய்து, முதல் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் அச்சுப்பிழை அதிகம், அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்றார்.

"அப்படிச் சொன்னா அதைத்தானே முதல்ல பார்க்கத் தோணும்" என்றார் சர்ஜன். "சீக்கிரம் வந்து அட்மிட் ஆயிடுங்க. அதைப் பத்தி ஆபரேஷன் டேபிள்லயே பேசிக்கலாம்."

ஓடிவிடலாம்தான். ஆனால் அவர் கையெழுத்தில் இரண்டு சாட்சியங்கள் சர்ஜனிடம் கிடந்தன. இன்று ஓடினால், பை வெடித்த பிறகு அதே மேஜைக்குத்தான் தூக்கி வருவார்கள். அப்போது மன்னிப்புக் கேட்க நினைவு இருக்குமா? இருக்கும்போதே கேட்டுவிடுவது மேல் என்று, மனிதர் முதல்முறையாக ஆஸ்பத்திரிக்குத் தானாகவே போய்ப் படுத்தார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரர், அவரும் ஏற்கெனவே இரண்டு முறை நழுவியவராம். கேட்காமலே புலம்பினார்: சர்ஜன் பேண்ட் தைக்கக் கொடுத்தாராம், பதற்றத்தில் இவர் இடுப்பை இரண்டு அங்குலம் குறைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டாராம், நாளைக்கு அதே கையிடம் குடலிறக்க ஆபரேஷனாம். பேண்ட் எல்லாம் ஒரு கவலையா என்று மெக்கானிக்குக் கோபம்கூட வந்தது. சம்மதப் பத்திரத்தை ஒரு வரி விடாமல் படிக்கிறவர்தான். இம்முறை படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மேஜையில் படுக்க வைத்தார்கள். முகமூடிக்கு மேல் சர்ஜனின் கண்கள் மட்டும் தெரிந்தன.

"ஆங், அந்தக் கடைசி அத்தியாயம்..." என்று ஆரம்பித்தார் சர்ஜன்.

"சார், அந்தப் பென்சில்..." என்பதற்குள் மெக்கானிக்கின் நாக்கு குழறி, விளக்குகள் அணைந்துவிட்டன.

கண் விழித்தபோது உயிர் இருந்தது. தலைமாட்டில் ஒரு சின்னப் பாட்டிலில் ஏழு கற்கள். மெக்கானிக் முதலில் விரல்களை எண்ணினார், பிறகு இரண்டு காதுகளையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வேறு எதுவும் களவு போனதாகத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலிலிருந்து தையல்காரரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் இரண்டு அங்குலம், இரண்டு அங்குலம் என்று முனகிக்கொண்டே போனார்.

நர்ஸ் ஒரு பையில் நான்கு புத்தகங்களையும் கொண்டுவந்து வைத்தாள்.

"சிஸ்டர், கடைசி அத்தியாயத்தைப் படிச்சுட்டு டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டார் மெக்கானிக்.

நர்ஸ் வண்டி போன பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"மெதுவா பேசுங்க. டாக்டர் உங்க புத்தகத்தைத் திறக்கவே இல்லை, பின்னட்டையை நான்தான் படிச்சுக் காட்டினேன்; அந்தப் பேண்ட்டையும் இன்னும் பொட்டலம் பிரிக்கலைன்னு தெரிஞ்சா, தையல்காரரும் மூணாவது தடவையா ஓடிடுவார்."