பால்கனியில் ஒரு லூயிஸ்

துப்பாக்கி வைத்திருப்பவர்களை உங்களுக்குத் தெரியும். துப்பாக்கியைக் கண்டு ஓடுகிறவர்களையும் தெரியும், நாமே அந்த ரகம்தான். இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்று எங்கள் ரங்கூனில் உலாவுகிறது. பிறந்ததிலிருந்து ஒரு துப்பாக்கியைத் தொட்டதில்லை, குர்பானி ஆட்டைக் கொண்டுவந்து கட்டினால் அன்று முழுக்க வீட்டுக்கே வருவதில்லை, கரப்பான் பூச்சி பறந்தால் மனைவியைக் கூப்பிடுவார். ஆனால் நூறு வருஷத்துக்கு முந்திய லூயிஸ் என்ற இலகுரக இயந்திரத் துப்பாக்கியைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆறிப்போன டீயையும் காத்திருக்கும் பஸ்ஸையும் பெற்ற பிள்ளையையும் மறந்துவிடுவார். இவருக்கு லூயிஸ்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

கண்டுபிடிப்பது சுலபம். பிறந்தநாள் வீட்டில் கேக்கை எல்லாரும் ஆசையாகப் பார்ப்பார்கள். இவர் சாண் வைத்து அளப்பார். "தட்டு இதைவிடச் சின்னது," என்பார். எந்தத் தட்டு என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன், ஒன்றரை மணி நேரம் போயிற்று. லூயிஸின் தலையில் வட்டமாக ஒரு தட்டு உட்கார்ந்திருக்குமாம், அதற்குள் நாற்பத்தாறு குண்டுகள் வட்டம் கட்டிப் படுத்திருக்குமாம், சுடச் சுடத் தட்டு தானே சுற்றுமாம். சரி, அதனால் என்ன? அப்படியும் கேட்டுவிடாதீர்கள். நீங்கள் எதையாவது தப்பாகச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் அவர் காத்திருக்கிறார். சொன்னதும் வலது கை ஆள்காட்டி விரல் மெல்ல உயரும். "அங்கேதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க," என்று ஆரம்பமாகும்.

இந்தக் காலத்தில் இந்த ஊர் டீக்கடையில் துப்பாக்கி என்று உரக்கச் சொன்னால் பக்கத்து மேஜைக்காரர் பாதி டீயோடு எழுந்து போய்விடுவார். அதனால் லூயிஸ்காரர்கள் அதைப் 'பெரியவர்' என்பார்கள்.

"பெரியவர் சேத்துல விழுந்தா மட்டும் மக்கர் பண்ணுவாரு. மத்தபடி தங்கம்," என்பார் என் மாடிவீட்டு வாஜித் பாய்.

"எட்டு வீசை கனம் இருக்காரு. அவரை யாரு தூக்கிட்டு ஓடுறது?" என்பார் போட்டாதாங் படகுத்துறை குமாஸ்தா ரமேஷ்குமார். அவர் ப்ரென் கட்சி. ப்ரென் என்பது லூயிஸுக்குப் பின்னால் வந்த இன்னொரு இயந்திரத் துப்பாக்கி. இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போனாலும் சாப்பிடாமல் வந்துவிடுவார்கள். ஒருநாள் பக்கத்து மேஜை அம்மாள் ஒருத்தி, பெரியவர் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று இரக்கத்தோடு விசாரித்தாள்.

இந்த வாஜித் பாய்தான் என் கதைக்கு ஆள். லத்தாவில் தண்ணீர்க்குழாய்க் கடை, தின்கன்ஜூனில் என் தலைக்கு மேல் மூன்றாவது மாடியில் வீடு. கரண்ட் வருகிற நாலு மணி நேரத்தில் ஊரே ஓடி ஓடித் தண்ணீர் ஏற்றும், அரிசி வேகவைக்கும். இவர் ஃபோனுக்குச் சார்ஜ் போட்டு வீடியோ பார்ப்பார். பார்த்ததோடு நின்றாரா? கடையிலிருந்து நாலு அங்குல பிளாஸ்டிக் குழாய் வந்தது. உடைந்த கட்டிலின் கால், தோளில் பதிக்கும் பின்கட்டையாயிற்று. மனைவி உம்மு சல்மாவின் மாவு டின் அடுக்களையிலிருந்து காணாமல் போய்த் தட்டாயிற்று. மூன்று மாதத்தில் சுடாத, சுடவே முடியாத, ஆனால் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் நிஜமென்றே நம்பவைக்கிற ஒரு லூயிஸ் அவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு காலையும் ஊன்றிப் பாயில் படுத்திருந்தது.

அதே சமயத்தில் அவர் மகள் இன்ஷாவுக்குச் சென்னையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. பாஸ்போர்ட்டுக்கு, இந்தப் பெண் இந்த வீட்டில்தான் இருக்கிறாள், இந்தக் குடும்பத்தில் ஒரு வில்லங்கமும் இல்லை என்று வார்டு ஆபீஸ் கடிதம் வேண்டும். வார்டு எழுத்தர் சான் லுவின், பர்மிய மரியாதையில் ஊ சான் லுவின், திங்கட்கிழமை நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார்.

அந்தக் கடிதத்துக்கு நான்தான் சாட்சி. எங்கே எப்படிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்க அப்போது அங்கே போயிருந்தேன். எங்கள் மாடி வீடுகளிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும். கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும். மணி அடித்தது. இன்ஷா எட்டிப் பார்த்துவிட்டு வெளுத்துப்போனாள்.

"வாப்பா, வார்டு ஆபீஸ் சயா." சயா என்றால் இங்கே ஐயா.

"அந்தச் சனியனை எங்கயாச்சும் தூக்கிப் போடுங்க," என்றாள் உம்மு சல்மா.

"மெதுவாத் தூக்கணும். பின்கட்டையில பசை இன்னும் காயல."

அலமாரியில் நுழையவில்லை. கட்டிலுக்கடியில் மூட்டைகள். எழுத்தர் இரண்டாவது மாடியில் மூச்சு வாங்குவது கேட்டது. உம்மு சல்மா அதை அப்படியே பால்கனிக்குத் தள்ளி, மாவு டின் மூடியைக் கழற்றிவிட்டு, அரிசி அளக்கும் பால் டின்னால் இரண்டு டின் அரிசியை அதில் கொட்டினாள். எங்கள் தெருப் புறாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? அரை நிமிஷத்தில் லூயிஸ் கண்ணுக்கே தெரியவில்லை.

ஊ சான் லுவின் உட்கார்ந்தார், டீ குடித்தார், குடும்பப் பட்டியலில் மூன்று பேரையும் தலையெண்ணிச் சரிபார்த்தார், பேனாவைத் திறந்தார். அப்போது பால்கனியைப் பார்த்தார்.

"பறவைக்குச் சாப்பாடா? நல்ல புண்ணியம்."

"ஆமா சயா. இவருக்கு வாயில்லா ஜீவன்னா உசிரு," என்றாள் உம்மு சல்மா.

"குழாய்க்கடைக்காரர், குழாயிலேயே செஞ்சிட்டார்." எழுத்தர் சிரித்தார். "ஆனா பார்க்க ப்ரென் மாதிரி இருக்கு."

வாஜித் பாயின் ஆள்காட்டி விரல் உயர ஆரம்பித்தது. இன்ஷா அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். உம்மு சல்மா தட்டிலிருந்த வாழைப்பழத்தை உரித்து, "நீங்க காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலையே," என்று அவர் வாயில் முழுசாகத் திணித்தாள். அவர் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அடக்கிக்கொண்டார். மகளுக்காகத்தான் அடக்கினார், அதை நான் மறுக்கவே மாட்டேன்.

பேனா காகிதத்தில் பட்டது. உடனே எழுந்தது. "தட்டு மேலே இருக்கிறது ப்ரென்தானே?"

"இல்லை," என்றார் வாஜித் பாய். வாழைப்பழத்தைத் தாண்டித் தெளிவாகவே கேட்டது. "அங்கேதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க சயா. ப்ரென்னுக்கு வளைஞ்ச பெட்டி. தட்டு லூயிஸுக்கு."

எழுத்தர் பேனாவை மூடினார். இன்ஷா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஊ சான் லுவின் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். பால்கனிக்குப் போனார். புறாக்களை விரட்டினார். குந்தி உட்கார்ந்து சாண் வைத்து அளந்தார்.

"முன்கால் ரெண்டு அங்குலம் குட்டை," என்றார். ப்ரென் என்றது தூண்டில் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"வீடியோவுல பார்த்து அளந்தேனே சயா?"

"மூணு பாகமா வருமே, அதுவா? ரெண்டாவது பாகத்துல அவன் சொல்றது பூரா தப்பு."

"அதைத்தான் நானும் ஆறு மாசமாச் சொல்றேன்," என்றபடி வாஜித் பாய் அவர் பக்கத்தில் குந்தினார்.

எழுத்தர் சட்டென்று எழுத்தராகிவிட்டார். "ஊ வாஜித், இது இப்பவே இல்லாமப் போகணும். வேற ஒருத்தர் பார்த்திருந்தா உங்க பொண்ணு சென்னைக்குப் போகமாட்டா, உங்களைப் பார்க்க ஜெயில் வாசலுக்குத்தான் போவா. கழட்டுங்க. கழட்டினா கையெழுத்து."

கழற்றினார்களா? "முதல்ல தட்டு," என்றார் எழுத்தர். "இல்ல சயா, முதல்ல பின்கட்டை," என்றார் இவர். "யுத்தகளத்துல எவனாவது முதல்ல கட்டையைக் கழட்டுவானா?" "தட்டோட கழட்டினா ஸ்பிரிங் தெறிக்கும்." எந்த ஸ்பிரிங்? அதில் இருந்தது புறா மிச்சம் வைத்த அரிசி. ஒரு மாவு டின்னை எந்த வரிசையில் பிரிப்பது என்று ஐம்பது வயதைத் தாண்டிய இருவர் கால் மணி நேரம் மல்லுக்கு நின்றார்கள்.

கடைசியில் இன்ஷா நடுவில் புகுந்தாள். டின்னைப் பிடுங்கி உம்மாவிடம் கொடுத்தாள். காயாத பின்கட்டையை ஒரே இழுப்பில் பிய்த்தாள். குழாயைத் தூக்கி என் கையில் வைத்தாள்.

"இது மாவு டின். இது கட்டில் கால். அது உங்க பாத்ரூமுக்கு, மாமா," என்றவள் பேனாவைத் திறந்து எழுத்தரின் விரல்களுக்குள் சொருகினாள். "சயா, கையெழுத்து."

போட்டார். இப்போது அவள் சென்னையில் இரண்டாம் வருஷம். குழாய் என் பாத்ரூமில் ஒழுகாமல் வேலை செய்கிறது. ஊ சான் லுவின் டீக்கடைக்கு வந்துபோகிறார். பெரியவருக்கு ஒரு ஓட்டு கூடிவிட்டதால் ரமேஷ்குமாருக்கு மனசே சரியில்லை.

எழுதி முடித்ததும் இதை வாஜித் பாயிடம் படிக்கக் கொடுத்தேன். மகளின் படிப்பு போகவிருந்த இடத்தையும், ஜெயில் வாசலையும் பேசாமல் கடந்திருக்கிறார். 'நாற்பத்தாறு குண்டுகள்' என்ற இடத்தில் மட்டும் சிவப்பு மையில் அடித்து, நாற்பத்தேழு என்று எழுதி, இரண்டு கோடு போட்டிருக்கிறார். நான் வேண்டுமென்றே திருத்தவில்லை. ஏனென்று கேட்கிறீர்களா? மேலே அந்த எண்ணைப் படித்தபோது உங்களில் யாருக்கெல்லாம் விரல் உயர்ந்தது என்று உங்களுக்கே தெரியட்டும். எனக்கு லூயிஸும் தெரியாது ஒரு மண்ணும் தெரியாது என்று சிரிக்கிறவரே, உங்களுக்கும் ஒன்று இருக்கும்: பிரியாணியில் தக்காளி போடலாமா என்பதோ, எந்தப் பஸ் எந்த வழியாகப் போகும் என்பதோ. அதை ஒருவர் தப்பாகச் சொல்லிவிட்டு, உங்கள் பிள்ளையின் கடிதத்தின் மேல் பேனாவைத் திறந்தபடி உங்களையே பார்க்கும் நாள் வரும். பக்கத்தில் ஒரு வாழைப்பழம் வைத்துக்கொள்ளுங்கள். வாஜித் பாய்க்கு ஒன்று போதவில்லை. நீங்கள் இரண்டாக வைத்துக்கொள்வது நல்லது.