முட்டி டொக்டர் கொண்டுவந்த ஆட்டுக்கால்

உலகத்தில் மனிதர்களை முகத்தால் அறியாமல் முட்டியால் அறிந்த ஒரே ஆள் எங்கள் முட்டி டொக்டர்தான். தொண்ணூறுகளில் இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் கிளாக்கர். அவர் அங்கே டிஸ்பென்சரிக்குப் பொறுப்பு. யாழ்ப்பாணத்துக்காரர். நாம் வணக்கம் சொன்னால், பதில் வணக்கத்தை நம் முட்டிக்குத்தான் சொல்வார். காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் பெரட்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, "கரக்... அது காளியம்மா. இடது முட்டி" என்பார். ஒருநாளும் தப்பியதில்லை.

கிடா வெட்டு விருந்தில் அவர் பக்கத்தில் உட்காரவே பயப்படுவோம். நம் இலையில் எலும்பு விழுந்தால் போச்சு.

"கடிக்காதேங்கோ, பொறுங்கோ! நுனியில வெள்ளையா இருக்கெல்லோ, அதுதான் குருத்தெலும்பு. கண்ணாடியை விட வழுக்கும்!"

பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். ஒருமுறை கோழிக்கால் எலும்பை ஒரு கிழமைக்கு மேல் வினாகிரியில் ஊறப்போட்டு, ரப்பர் மாதிரி வளைத்துக் காட்டினார். "சுண்ணாம்பு கரைஞ்சு போச்சு, மிச்சம் நார். ரெண்டும் சேர்ந்தாத்தான் எலும்பு." கேலி செய்யப் போன நாங்கள் வாயைப் பிளந்து நின்றோம். அன்று வீட்டுக்குப் போய் என் கையை நானே தடவித் தடவிப் பார்த்தேன். எனக்குள் இப்படியொரு அதிசயம் இருப்பது அதுவரை தெரியாது.

அந்தக் காளியம்மாவால் ஒரு வருசமாக மலை ஏறிக் கொழுந்து எடுக்க முடியவில்லை. அவள் பேரை வேலைப் பதிவிலிருந்து வெட்டிவிட, தோட்டத்தை நடத்தும் துரை முடிவு செய்தார்.

"கால் முறிஞ்ச முனியாண்டி மூணு மாசத்துல வேலைக்கு வந்துட்டான். இவளுக்கு ஒண்ணுமே முறியல்ல. நடிப்பு!"

கடிதத்தை டைப் அடிக்க வேண்டியவன் நான். வாசலில் நின்ற காளியம்மா, "பேரு போச்சுன்னா சோத்துக்கு என்னங்கய்யா செய்வேன்?" என்றாள். எனக்கு விரல் ஓடவில்லை.

அப்போது முட்டி டொக்டர் பத்திரிகைச் சுருளோடு நுழைந்து, துரையின் மேசையில் அதை விரித்தார். உள்ளே அப்போதுதான் அறுத்த ஆட்டு முட்டி! துரை நாற்காலியோடு பின்னால் போனார்.

"தொட்டுப் பாருங்கோ, சேர்."

துரை அருவருப்போடு தொட்டார். பிறகு யாரும் சொல்லாமலே இன்னொரு முறை விரலை வழுக்கவிட்டார்.

"அறுத்த எலும்பில சிவப்புப் புள்ளி தெரியுதெல்லோ? ரத்தம் ஓடின வழி. முறிஞ்சா அந்த வழியாலதான் சாமான் எல்லாம் வந்து எலும்பு தன்னைத்தானே கட்டுது. இந்த வெள்ளையில ஒரு புள்ளி இருக்கோ? பாதையே இல்லை. தேய்ஞ்சா தேய்ஞ்சதுதான்."

"பாதை இல்லாட்டி என்ன?"

"போன கிழமை மேட்டு லயத்துக் கூரைக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் கடிதத்தையும் நான்தான் அடித்தேன்: மேட்டு லயத்து வரிசை வீடுகளுக்குப் பாதை இல்லாததால் தகரம் கொண்டுபோக முடியாது, கூரை திருத்த முடியாது.

துரை ஆட்டுக்காலைத் திரும்பப் பத்திரிகையில் சுற்றினார். "கிளாக்கர், அந்தப் பேப்பரைக் கிழிங்க" என்றார். அடுத்த திங்களே காளியம்மாவுக்குப் பிள்ளைக்காம்பராவில், ஏற்றம் இல்லாத இடத்தில், குழந்தைகளைப் பார்க்கும் வேலை கிடைத்தது.

சில வருசம் கழித்து முட்டி டொக்டர் ஓய்வு பெற்றுப் புறப்பட்ட நாளில், பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். காளியம்மாவும் கூட வந்தாள். பஸ் ரோட்டுக்கு இறங்கும் படியில் கரக், கரக் என்று சத்தம். அவள் நின்றுவிட்டாள்.

"ஐயா, சத்தம் என் முட்டியில இல்லீங்களே?"

"ஓம் பிள்ளை, என்ரதான். ரெண்டும். மேட்டு லயத்துக்குப் பாதை இல்லையெல்லோ, மருந்தோட நான்தானே தினம் ஏற வேணும்."

சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டார். அத்தனை வருசத்தில், அவருக்காக ஓர் ஆட்டு முட்டியைத் துரை மேசைக்குக் கொண்டுபோக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே!