கூண்டு முசே கரையைக் கடந்த நாள்

உலகில் கோபப்பட்டவர்கள் கோடானுகோடி. கோபப்படப் போவதை முன்கூட்டியே ஊருக்கு அறிவித்துவிட்டுக் கோபப்பட்டவர் ஒரே ஒருவர். அவர் காரைக்காலில், என் மேசைக்கு மூன்றடி தொலைவில் அமர்ந்திருந்தார்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு கப்பலேறிய பிறகும் 'முசே' என்ற மரியாதைச் சொல்லை எங்கள் பதிவு அலுவலகத்திலேயே விட்டுச் சென்றிருந்தார்கள். தலைமை எழுத்தரான அவர் அதைத் தமக்கென்று பத்திரமாக வைத்துக்கொண்டார். அதன் முன்னே 'கூண்டு' என்பதைச் சேர்த்தவர்கள் நாங்கள்.

ஒருநாள் சினம் மிகுந்து மைக்கூட்டை எடுத்து வீசினார் முசே. அது சாளரத்தின் வழியே பறந்து, பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்த ஒருவரின் சலவை வேட்டியில் இறங்கியது. அவர் கறை படிந்த வேட்டியோடேயே போனார். எழுத்து வேலையில் இருப்பவர் என்று நம்பிப் பெண்வீட்டார் உடனே சம்மதித்துவிட்டனர். விளைவு மங்களகரமானதே. ஆயினும் முசே மனம் வருந்திச் சாளரத்தருகே நெடுநேரம் நின்றார். தொலைவில் துறைமுகக் கொடிமரத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"அவ்வளவு பெரிய கடலே சொல்லிட்டுத்தான் கொந்தளிக்குது. எனக்கு என்ன கொறைச்சல்?" என்றார்.

மறுநாள் மூன்று பிரம்புக் கூடைகளுக்குத் தார் பூசிக் கொண்டுவந்து, மாடிச் சாளரத்துக்கு வெளியே அவற்றைத் தொங்கவிட ஒரு கொம்பு கட்டினார். ஒரு கூண்டு தொங்கினால் தள்ளி நின்று பேச வேண்டும். இரண்டு தொங்கினால் பேச வந்ததை எழுதி வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். மூன்றும் தொங்கினால் யாரும் கரையை விட்டுக் கிளம்பக்கூடாது. கரை என்பது அவரவர் நாற்காலி.

காலையில் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, அன்று எத்தனை கூண்டு என்று தம்மைத்தாமே விசாரிப்பார். அந்த விசாரணை சில நாள் நீதிமன்ற விசாரணையைப் போல் நீளும். "ராத்திரி தூக்கம் சரியில்லை, அதுக்கு ஒண்ணு. பக்கத்து வீட்டு ஆர்மோனியம், அதுக்கு அரை. அரைக் கூண்டு கிடையாது, விட்டுருவோம்" என்ற முணுமுணுப்பு எங்களுக்குக் கேட்கும். எண்ணி முடிப்பதற்குள் சினத்தில் பாதி கரைந்துவிடும் என்பதை நாங்கள் அறிந்திருந்தோம். அவரும் அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன். நண்பகலில் ஏற்றிய கூண்டைச் சாப்பாட்டுக்குப் பிறகு தாமே இறக்கிவிட்டு, "பன்னெண்டு மணிக் கோபம் கோபமே இல்லை. பசிதான் மீசை வச்சுக்கிட்டு வருது" என்பார்.

இவ்வாறு சீராக வீசிக்கொண்டிருந்த காற்றில் என் திருமணம் வந்து சேர்ந்தது.

ஐப்பசியில், திருவாரூரில் முகூர்த்தம். எட்டு நாள் விடுப்பு வேண்டும்; விடுப்புக் கடிதத்தில் முசேயின் கையொப்பம் வேண்டும். கடிதத்தை நான் நீட்டிய நேரத்தில் ஒரு கூண்டும் இல்லை. வாங்கிப் படித்தார். மடித்து மேசையில் வைத்தார். எழுந்துபோய் மூன்று கூண்டுகளையும் ஏற்றினார்.

மறுநாளும் மூன்று. அதற்கு மறுநாளும் மூன்று. கடிதம் மைக்கூட்டின் அடியில் கிடந்தது. திருமணத்துக்கு இன்னும் நான்கே நாள். என் பக்கத்து இருக்கைக்காரர் காதர் நானா குனிந்து மெல்லச் சொன்னார்:

"தம்பி, பொண்ணு வீட்டுக்கு ஒரு தந்தி கொடுத்துருங்க. வானிலை காரணமா மாப்பிள்ளை தாமதம்னு."

"நீங்க போய்க் கேளுங்க நானா."

"நான் புள்ளைகுட்டிக்காரன், தம்பி."

கூண்டு ஏறிய நான்காம் நாள் காலை கடைத்தெருவில் மீன் இல்லை. துணிக்கடைகள் பாதிக் கதவைச் சாத்தியிருந்தன. பக்கத்து ஊரான நெரவியில் தெருவெல்லாம் காய்ந்துகொண்டிருந்த குறுவை நெல்லை வாரி வாரி வீட்டுக்குள் கொட்டுகிறார்கள் என்று பேருந்தில் வந்தவர்கள் சொன்னார்கள். வானமோ துடைத்து வைத்த வெண்கலப் பாத்திரம்போல் பளபளத்தது.

பத்து மணிக்கு மீனவர் குப்பத்து நாட்டாமை, பின்னால் இருபது பேருடன் படியேறி வந்தார். மூன்று கூண்டு தொங்கும்போது அந்த அறைக்குள் காலடி வைத்த முதல் மனிதர் அவரே. நாங்கள் மைக்கூடுகளைப் பார்த்துக்கொண்டோம்.

"முசே, மூணு நாளா தொழிலுக்குப் போகலை. கட்டுமரத்தையெல்லாம் மேட்டுல ஏத்திப் போட்டுட்டோம். கடல் எண்ணெய் ஊத்தின மாதிரி கெடக்குது. பொயல் எப்ப வருது, அதைச் சொல்லுங்க."

"என்னைய்யா பொயல்?"

நாட்டாமை சாளரத்தைக் காட்டினார். துறைமுகக் கொடிமரத்தை அந்த வாரம் வண்ணம் பூசுவதற்காகக் கீழே சாய்த்திருந்தார்கள். எச்சரிக்கைக் கூண்டை அரசாங்கம் எங்கள் மாடிக்கு மாற்றிவிட்டது என்று குப்பம் முழுவதும் முடிவு செய்திருந்தது. முசேயின் கூண்டுகளோ அரசலாற்றைப் பார்த்துத் தொங்கின. முகத்துவாரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்.

முசே கூண்டைப் பார்த்தார், நாட்டாமையைப் பார்த்தார்.

"அது பொயல் இல்லை," என்றார் தாழ்ந்த குரலில். "நான்தான்."

நாட்டாமை இதைச் சற்று நேரம் மனத்தில் போட்டுப் புரட்டினார். கடலோடு பழகியவர், எதற்கும் அசராதவர்.

"சரிங்க. நீங்க எப்பக் கரையைக் கடப்பீங்க?"

முசேயின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. நான் மேசைக்கடியில் போவதா என்று யோசித்தேன். பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். நாட்டாமை சிரித்தார், இருபது பேரும் சிரித்தார்கள், காதர் நானா நாற்காலியோடு சேர்ந்து ஆடினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட முசே என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மூணு நாளா தேடிக்கிட்டே இருக்கேன். தூக்கமான்னு பார்த்தேன், இல்லை. பசியான்னு பார்த்தேன், இல்லை. ஒன் மேலதான் கோபம்னு கூண்டை ஏத்திட்டேன். இப்பத்தான் புரியுது, இது கோபமே இல்லை. எட்டு நாளைக்கு இந்த நாற்காலி காலியாக் கெடக்குமேன்னு ஒரு இது. அதுக்கு என்கிட்ட கூண்டு இல்லை. அதனால இருக்கறதை எல்லாம் ஏத்திட்டேன்."

கையொப்பமிட்டார். நாட்டாமை தாமே போய் மூன்று கூண்டுகளையும் இறக்கி, "இனிமே உள்ளாரத் தொங்கவிடுங்க முசே. எங்களுக்கு ஒரு கடல் போதும்" என்று மேசைமேல் வைத்தார். அன்று பிற்பகலே கட்டுமரங்கள் கடலில் இறங்கின. நானும் திருவாரூர்ப் பேருந்தில் ஏறினேன்.

ஒன்பதாம் நாள் நெற்றியில் சந்தனமும் கையில் முறுக்குப் பொட்டலமுமாக அலுவலகத்துக்கு வந்தேன். முசேயின் மேசைக்கு மேல், அறைக்குள்ளேயே, தார் பூசாத வெள்ளைப் பிரம்புக் கூண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அது எந்த விதியிலும் இல்லை.

"நீங்க பஸ் ஏறின அன்னைக்கே ஏத்தினது, தம்பி," என்றார் காதர் நானா. "யாரையும் எறக்க விடலை."

முசே என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "வந்துட்டியா" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, அதை மெல்ல அவிழ்த்து இறக்கினார்.

இதை எழுதும் என் மேசைக்கு மேலே, முசே இனி வரமாட்டார் என்ற செய்தி வந்த இன்று காலையிலிருந்து ஒரு வெள்ளைக் கூண்டு தொங்குகிறது. என் மனைவி அதைப் பார்த்தாள். யாருக்காக என்று கேட்கவில்லை.