நீலக் கூரை டாக்ஸியில் ஏறாத யான்பு

நவம்பர் ஒன்றாம் தேதி, சனிக்கிழமை. காலை ஐந்து இருபதுக்கு எழுந்தேன். ஐந்தரைக்குக் காபி. ஐந்து நாற்பதுக்கு, இஸ்திரி போட்ட ஏழு நீல ஜெர்சிகளை எண்ணிப் பையில் வைத்தேன். பந்து இரண்டு, காற்றடிக்கும் பம்ப் ஒன்று, பெயர்ப் பட்டியல் ஒன்று. ஆறு மணிக்கு, துபாய் கராமாவில் எங்கள் வீட்டு ஹாலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த எதிரியைத் தட்டி எழுப்பினேன்.

எதிரிக்கு யான்பு என்று பெயர். வளைகுடா நாடுகள் ஆறையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், தான் படித்த கல்லூரி மேல் இவ்வளவு வெறி கொண்ட இன்னொரு மனிதர் கிடைக்க மாட்டார்.

எங்கள் மாவட்டத்தில் இரண்டு பொறியியல் கல்லூரிகள். என்னுடையது மலையடி, அவருடையது ஆற்றங்கரை. நடுவே ஒரு மணி நேரப் பஸ் பயணம். படிக்கிற காலத்தில் கால்பந்தில் தொடங்கிய பகையை, பிழைக்க வந்த இடத்திலும் விடாமல் காப்பாற்றி வருகிறோம். ஒவ்வொரு நவம்பரிலும் துபாயில் பழைய மாணவர்கள் மோதும் ஆட்டம் நடக்கும். அணிக்கு ஏழு பேர், நாற்பது நிமிடம். நாங்கள் நீலம், அவர்கள் மெரூன். தோற்ற அணி அன்று மதியம் கராமா ஓட்டலில் வாளி தூக்கி, ஜெயித்த அணிக்குச் சாப்பாடு பரிமாற வேண்டும். பன்னிரண்டு வருடமாக ஒரு ஆட்டம்கூடத் தவறியதில்லை. எங்கள் தரப்புக்கு மேனேஜர் நான். முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் ஆட முடியாது, அதனால் ஒவ்வொரு ஆட்டத்தையும் டைரியில் எழுதுகிறேன்.

சவுதியில், செங்கடல் ஓரத்து யான்பு நகரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் வேலை பார்ப்பவர், அதனால் எங்களுக்கு அவர் யான்பு. ஒரு முறை விமானம் தாமதமாகி முதல் பாதி ஆட்டத்தைத் தவறவிட்டார். அன்றிலிருந்து விமானத்தை நம்புவதில்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர் காரிலேயே வருகிறார். வந்து என்ன செய்கிறார்? பெஞ்சில் உட்காருகிறார். கல்லூரியில் நாலு வருடமும் அவர் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கோல்கீப்பருக்கு ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. இங்கேயும் அதே கதைதான். பெஞ்சில் உட்கார்ந்து அவர் போடும் சத்தத்தில் பக்கத்து மைதானக் கிரிக்கெட் நின்றிருக்கிறது.

நீலம் அவருக்கு ஆகாது. எங்கள் வீட்டு நீலக் கோப்பையில் டீ கொடுத்தால் ஆறவிட்டு எழுந்துபோவார் என்பதால், என் மனைவி தனியாக ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருக்கிறாள். கராமாவில் பார்க்கிங் கிடைத்துவிட்டால் ஊர் திரும்பும்வரை வண்டியை அசைக்க மாட்டார், டாக்ஸிதான். துபாய் டாக்ஸிகளுக்குக் கம்பெனிக்கு ஒரு நிறத்தில் கூரை; நீலக் கூரை டாக்ஸி வந்தால் நீட்டிய கையை மடக்கிக்கொள்வார். போன வருடம் சிவப்புக் கூரைக்காக இருபத்தாறு நிமிடம் நின்றோம்.

"உங்க கம்பெனி யூனிஃபார்மே நீலந்தானே, அதுக்கு என்ன பண்றீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"உள்ள மெரூன் பனியன் போட்டிருக்கம்லா. மேல கெடக்கது கம்பெனிக்கு, உள்ள கெடக்கது நமக்கு."

அன்று மைதானத்துக்கு ஆறு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆட்டம் ஏழு மணிக்கு. ஆறு ஐம்பத்து நான்குக்கு எங்கள் கோல்கீப்பர் பாலாஜியிடமிருந்து போன்.

"அண்ணே, சைட்ல மாட்டிக்கிட்டேன். கான்கிரீட் வண்டி இன்னும் மூணு வரணும். கன்சல்டன்ட் பக்கத்துலயே நிக்கிறான். மன்னிச்சிருங்கண்ணே."

மாற்று ஆட்கள் இருவரும் லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள். ஏழு பேர் இல்லாவிட்டால் எதிரணி ஆடாமலே ஜெயித்ததாகக் கணக்கு. பன்னிரண்டு வருட டைரியில் நான் எழுதாத ஒரு வரியை எழுத வேண்டிய நிலை. நடுவராக வந்த சூடான்காரர் கடிகாரத்தைக் காட்டி "யல்லா, யல்லா" என்றார்.

ஆற்றங்கரை கேப்டன் செல்வம் சிரித்தான். "வேணும்னா எங்க அண்ணாச்சிய கடன் தாரோம்ணே. பெஞ்சில சும்மாதான இருக்காவ."

எல்லோரும் சிரித்தார்கள். யான்பு சிரிக்கவில்லை. எழுந்து என்னிடம் வந்தார்.

"ஏழு பேரு இல்லன்னா என்னவே ஆகும்?"

"ஆடாமலே நீங்க ஜெயிச்சதா எழுதணும்."

"ஆடாம ஜெயிக்கதுக்கா ரெண்டு நாளு வண்டி ஓட்டிட்டு வந்தேன்? கொண்டாரும் அந்தச் சட்டைய."

செத்த பல்லியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் ஜெர்சியை வாங்கினார். மெரூன் சட்டையைக் கழற்றாமல் அதற்கு மேலேயே மாட்டிக்கொண்டு, எங்கள் கோலில் போய் நின்றார்.

"அண்ணே, இவரு வேணும்னே விட்டுருவாருண்ணே," என்றான் எங்கள் பையன் ஒருவன். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறைப்பதற்கில்லை.

அடுத்து நடந்ததை நான் எந்த மைதானத்திலும் பார்த்ததில்லை. ஆற்றங்கரைக்காரர்கள் பந்தோடு வரும்போதெல்லாம் எங்கள் கோல்கீப்பர் அவர்களை உற்சாகப்படுத்தினார். "ஏறி வால செல்வம்! வலது பக்கம் ஆளே இல்ல, அங்க குடுல! அடி, அடி!" அவர்கள் அடித்ததும் பாய்ந்து பிடித்தார். பிடித்துவிட்டு, "ச்சே, போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் தடுப்பாட்டக்காரர்கள் யாரைத் தடுப்பது என்று குழம்பிப்போனார்கள். மூன்று பந்துகளைக் கையாலும் இரண்டைத் தொந்தியாலும் நிறுத்தினார். ஒன்று மூக்கில் பட்டுத் திரும்பியது.

முப்பத்திரண்டாவது நிமிடத்தில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். மைதானத்தின் மறுகோடியில் எங்கள் கோல்கீப்பர் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

முப்பத்தெட்டாவது நிமிடத்தில் ஆற்றங்கரைக்குப் பெனால்டி. செல்வம் பந்தை வைத்தான். 

"செல்வம், நல்லா அடில. நான் விட மாட்டேன்," என்றார் யான்பு.

செல்வம் இடது மூலைக்கு அடித்தான். ஐம்பத்தொரு வயது உடம்பு அந்த மூலைக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. பந்து அவர் விரல் நுனியில் பட்டு வெளியே போனது.

"அண்ணாச்சி! நீங்க யாரு ஆளு?" என்று செல்வம் கத்தினான்.

தரையில் கிடந்தபடியே பதில் சொன்னார்: "உங்க ஆளுதாம்ல. நான் விட்டுக் குடுத்துதான் நம்ம காலேஜ் ஜெயிச்சுதுன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிரப்படாதுல்லா."

ஒன்றுக்குப் பூஜ்யம். விசில் அடித்த மறு நொடி நீலச் சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, தோற்ற அணியின் புகைப்பட வரிசையில் போய் நின்றார். அந்த வரிசையில் அதிகம் அழுதவர் அவர்தான்.

ஓட்டலில் அவருக்காக எங்கள் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "வாங்க, ஜெயிச்ச டீம் நீங்க."

"தோத்தவன் எப்பிடிவே உக்காருவான்?" என்று கேட்டுவிட்டு, மூக்கில் பிளாஸ்திரியோடு சாம்பார் வாளியைத் தூக்கினார். எங்களுக்கு ஒவ்வொரு இலையாக ஊற்றிக்கொண்டு வந்தார். என் இலையில் மட்டும் சாம்பார் அணை உடைந்தது. "இன்னொரு மட்டம் ஆள் இல்லன்னு வந்து நின்னீரோ, பாத்துக்கிடும்," என்றார்.

பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர், "யாருங்க இவரு? ஓட்டலுக்குப் புதுசா?" என்று கேட்டார்.

ரசத்தோடு வந்த செல்வம் நின்றான். ஆட்டம் முடிந்ததிலிருந்து அவன் யான்புவிடம் பேசவில்லை. "இவுகளா? எங்க காலேஜ் கோல்கீப்பர்," என்றான், ஓட்டல் முழுவதும் கேட்கும்படி.

வாளி அந்தரத்தில் நின்றது. முப்பது வருடத்தில் அந்தச் சொல்லுக்கு முன்னால் 'இரண்டாவது' இல்லாமல் அவர் கேட்டது அன்றுதான். பிறகு, கேட்காமலே எனக்கு மறுபடியும் சாம்பார் ஊற்றினார்.

திரும்பும்போது சிவப்புக் கூரைக்காகப் பதினான்கு நிமிடம் நின்றோம். வழக்கமாக எனக்கு எரிச்சல் வரும். அன்று, நீலக் கூரை ஒன்று வந்தபோது நானே கையை மடக்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து இருபதுக்கு எழுந்தபோது ஹாலில் போர்வை மடித்து வைத்திருந்தது. யான்பு புறப்பட்டுப் போயிருந்தார். துவைக்கப் போட ஜெர்சிகளை எண்ணினேன். ஆறுதான் இருந்தன. ஏழாவது பால்கனியில் இருந்தது. கையால் துவைத்துப் பிழிந்து, கைப்பிடிச் சுவருக்குக் கீழே துணி உலர்த்தும் ஸ்டாண்டில் போட்டிருந்தார். எங்கள் கல்லூரி முத்திரை கண்ணில் படாதபடி, உள்பக்கத்தை வெளியே திருப்பி.

முதல் வேலையாக, ஸ்டாண்டை வெயில் விழும் பக்கம் நகர்த்தி வைத்தேன். சட்டையைத் திருப்பிப் போடவில்லை.